கேக்குது, ஆனா போகுதில்லை: ஒரு வோக்கியைத் திருத்திய பதிவு

மாமா அதை ஒரு சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். மேசையில் வைத்து அவிழ்த்ததும் அறை முழுக்கக் கடல் மணம். உள்ளே இருந்தது ஒரு மரைன் வீ.எச்.எஃப். கைக்கருவி, கடலில் போட்டுக்காரர்கள் ஒருவரோடொருவர் கதைக்கிற றேடியோ. எங்கள் பருத்தித்துறைப் பக்கத்தில் எல்லாருக்கும் அது 'வோக்கி'தான்.

"தம்பி, இது கேக்குது. ஆனா கதைச்சா அங்கால போகுதில்லை" என்றார்.

எப்போதிருந்து என்று கேட்டேன். போன கிழமை இரவு கரையிலிருந்து நல்ல தூரத்தில் போட்டின் எஞ்சின் நின்றுவிட்டது. சோளகக் காற்று அடிக்கிற நேரம். மற்றப் போட்டுக்காரர்கள் வலையைப் பற்றியும் மீனைப் பற்றியும் கதைப்பது வோக்கியில் தெளிவாகக் கேட்டிருக்கிறது. இவர் கூப்பிட்டது மட்டும் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் ரோச் லைற்றை ஆட்டினதைக் கண்டு பக்கத்தால் போன ஒரு வள்ளம் வந்து கட்டி இழுத்தது. இவ்வளவையும் சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொல்லி முடித்துவிட்டு, "அக்கா, ஒரு தேத்தண்ணி" என்று அம்மாவைக் கூப்பிட்டார். எனக்கு அது போதவில்லை. தெரிந்தவர்களின் குரல் எல்லாம் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்க, தன் குரல் மட்டும் போகாமல் ஒரு மனிதன் இருட்டில் இருந்திருக்கிறான். அன்றைக்கு இரவே திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினேன்.

கருவி மாமாவினுடையதல்ல, கடற்றொழிலாளர் சங்கத்தினுடையது. மொத்தம் ஆறு இருக்கின்றன. உரிமமும் சங்கத்தின் பேரில் எடுத்திருக்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் இல்லாமல் இப்படியான கருவியை வைத்திருப்பதும் பாவிப்பதும் குற்றம். மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, பட்டனை அமத்திப் பார்ப்பவர்கள் கவனம்.

சரி, வேலைக்கு வருவோம். "கேக்குது, ஆனா போகுதில்லை" என்று மாமா சொன்ன ஒரு வசனமே பாதி வேலையை முடித்துவிட்டது. கேட்கிறது என்றால் அன்ரனா, அதன் இணைப்பு, வாங்கும் பகுதி, ஸ்பீக்கர் எல்லாம் சரி. பற்றரியிலிருந்தும் ஓரளவுக்கு மின் வருகிறது. மிச்சம் இருப்பது, பட்டனை அமத்தும்போது மட்டும் வேலை செய்கிற பாகங்கள். இந்தக் கருவிகளில் கேட்பதும் கதைப்பதும் ஒரே அன்ரனாவில், அநேகமாக ஒரே அலைவரிசையில்தான் நடக்கின்றன. பட்டன் அன்ரனாவை வாங்கும் பகுதியிலிருந்து எடுத்து அனுப்பும் பகுதியிடம் கொடுக்கிறது. விட்டால் திரும்பக் கொடுக்கிறது. அதனால் கதைக்கிற நேரம் கேட்க முடியாது. தொலைபேசிக்குப் பழகிய கை இதை அடிக்கடி மறந்துபோகும்.

அனுப்பிப் பார்க்கமுன் ஒரு எச்சரிக்கை. அன்ரனாவைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பட்டனைத் தொடவே கூடாது. போக இடமில்லாத சக்தி திரும்பி வந்து கடைசி ரான்சிஸ்ரரில்தான் விழும். அன்ரனாவோடு அமத்தினால், வீட்டுக்குள்ளிருந்து நான் செய்கிற பரிசோதனை முழுக் கடலுக்கும் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: அன்ரனாவுக்குப் பதிலாக, சக்தியைச் சூடாக மாற்றித் தின்கிற 50 ஓம் சுமையைப் போடுவது. 100 ஓம், 2 வாற் கார்பன் ரெசிஸ்ரர்கள் இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து, கால்களைக் குட்டையாக வெட்டி, அன்ரனா செருகியில் ஈயத்தால் பிடித்தேன். கம்பி சுற்றிய ரெசிஸ்ரர் இதற்குச் சரிவராது. அதுவே ஒரு சுருளாக நடந்துகொள்ளும். 1 வாற்றில் வைத்துச் சில விநாடிகள் அமத்த இது தாராளமாகப் போதும். ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் இருந்துகொண்டு எதையும் பரிசோதிக்கக் கூடாது. சங்கம் வழமையாகக் கதைக்கும் சேனலுக்கு மாற்றிக்கொண்டேன்.

சங்கத்திலிருந்து நல்ல வோக்கி ஒன்றையும் வாங்கிவந்து பக்கத்தில் வைத்திருந்தேன். சுமையிலிருந்து கசிகிற கொஞ்ச அலையே அதற்குப் போதும். அதில், சிக்னல் வராதபோது இரைச்சலை மறித்துவைக்கிற ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்துவிட்டால் 'ஷ்ஷ்ஷ்' என்று ஓட்டுக்கூரையில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல் வரும். ஒரு சிக்னலும் வராதபோது எஃப்.எம். கருவிக்குள் கேட்கிற இரைச்சல் அது. இப்போது மாமாவின் வோக்கியில் பட்டனை அமத்தினேன். சிவப்பு லைற் எரிந்தது. அந்தக் கணமே நல்ல வோக்கியின் மழை நின்றது. விட்டேன், திரும்பப் பெய்தது. அமத்தினேன், நின்றது. அமத்திக்கொண்டே "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சொன்னேன். மௌனம் மௌனமாகவே இருந்தது.

அந்த மௌனத்துக்கு அர்த்தம் இருக்கிறது. அலை போய்ச் சேருகிறது, அதனால்தான் இரைச்சல் அடங்குகிறது. அலையில் ஏற வேண்டிய குரல்தான் ஏறவில்லை. அன்றிரவு மாமா வெறும் அலையை ஒரு மணித்தியாலமாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கேட்டவர்கள் யாரோ பட்டனைத் தெரியாமல் அமத்திவைத்திருக்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆக, பிழை மைக்கில் அல்லது அதற்குப் போகிற வழியில்.

பின்பக்கம் ஆறு திருகாணி. சுற்றிவர இருந்த ரப்பர் வளையம் ஒரு மூலையில் நசிந்து தட்டையாகிப்போயிருந்தது. அந்த மூலைக்கு நேர் கீழேதான் பலகையில் பச்சை பூத்திருந்தது. செம்பில் உப்புத்தண்ணி பட்டால் வருகிற அதே பச்சை, எங்கள் வீட்டுக் குத்துவிளக்கின் அடியில் பிடிக்கிறதும் அதுதான். மைக்கின் முகத்தில் வெள்ளையாய் உப்புப் பொடி.

தண்ணிக்குள் விழுந்ததை அரிசிக்குள் புதைத்து வைக்கிற பழக்கம் எங்களிடமும் வந்துவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணி தானாகவே காய்ந்துவிடும், உப்பு காயாது. அங்கேயே இருந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்துச் செம்பைத் தின்னும். உப்பைக் கழுவித்தான் எடுக்க வேண்டும். பற்றரியைக் கழற்றி, கார் பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணியை விட்டு, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தேன். பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோலால் இன்னொரு தரம். மைக், ஸ்பீக்கர் இரண்டிலும் படாமல் பார்த்துக்கொண்டேன். வெயிலில் வைக்காமல் காற்றாடிக்குக் கீழே ஒரு முழுநாள் விட்டேன்.

காய்கிற அந்த நாளில் இந்தப் பொருளின் பழைய கதை மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ் என்பவர் 1937இல் கையில் கொண்டுபோகக் கூடிய இருவழி றேடியோ ஒன்றைச் செய்தார். காட்டுக்கும் பனிக்கும் மேலால் பறந்து சுரங்கக் கம்பனிக்கு வேலை செய்த விமானிகள் எங்காவது இறங்க நேர்ந்தால் தொடர்புகொள்ள என்றுதான் அது பிறந்தது. போருக்காக அல்ல. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. அடுத்த வருடம் அமெரிக்காவில் அல்பிரட் குரோஸ் தன்னுடையதைச் செய்தார். பிறகுதான் இரண்டாம் உலகப்போர் வந்து இதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. மோட்டோரோலா என்று பிறகு பெயர் மாற்றிக்கொண்ட கல்வின் கம்பனி செய்த எஸ்.சி.ஆர்.-536, ஐந்து வால்வு (ரான்சிஸ்ரருக்கு முந்திய கண்ணாடிக் குழாய்) போட்டு, 2.3 கிலோ எடையில் ஒரு கையால் பிடிக்கக் கூடியதாக இருந்தது. அன்ரனாவை வெளியே இழுத்தால்தான் அது உயிர் பெறும், வேறு சுவிச் கிடையாது. தரையில் ஒன்றரைக் கிலோமீற்றர் போனால் அதிகம். 'வோக்கி ரோக்கி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது இதில் அல்ல, முதுகில் சுமக்கிற எஸ்.சி.ஆர்.-300இல். 15 கிலோவுக்கு மேல் பாரம், ஆனால் எஃப்.எம். எட்வின் ஆம்ஸ்ரோங் 1933இல் காப்புரிமை பெற்ற அந்த முறைதான் இரைச்சலை அடக்கி குரலை மட்டும் தெளிவாகக் கொடுத்தது. நான் நேற்று மேசையில் கேட்ட மழை நிற்கிற வித்தை அங்கே தொடங்குகிறது. வால்வு போய் ரான்சிஸ்ரர் வந்ததும் 15 கிலோ முதுகிலிருந்து இறங்கி இடுப்புப் பட்டிக்கு வந்தது.

எங்கள் ஊரில் இந்தப் பொருளுக்கு வேறு நினைவுகளும் உண்டு. நான் சின்னப்பிள்ளையாக இருந்த 1990களில் வோக்கியின் 'கர்' சத்தம் கேட்டால் ஆட்கள் ஒழுங்கைக்குள் ஒதுங்குவார்கள். ஒரு சாதாரண மனிதனின் கையில் அது இருப்பதை நினைத்தும் பார்க்க முடியாது. பொருளாதாரத் தடையில் றேடியோவுக்குப் போடுகிற பற்றரிகூட வராது. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலை நான் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வருகிற மின்னில் பின்னேரச் செய்தி கேட்போம். டைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேராக்க நாலு டயோட்டைச் சேர்த்து ஈயம் வைக்க அப்பாதான் காட்டித் தந்தார். நான் முதன்முதலில் பிடித்த ஈயம் அது. சுற்றுகிற வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்துபோகும். அயலட்டையில் எட்டுப் பத்துப் பேர் முற்றத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள், அதனால் கை வலித்தாலும் விடமாட்டேன்.

அடுத்த நாள் மைக். இது எலக்ட்ரெட் வகை, ஆறு மில்லிமீற்றர் வட்டம். ஒரு சிறிய மின்னழுத்தம் கொடுத்தால்தான் வேலை செய்யும். பலகையிலிருந்து ஒரு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்ரர் வழியாக அது வருகிறது. பட்டனை அமத்தி, மல்ரிமீற்றரால் ரெசிஸ்ரரின் இரண்டு பக்கத்தையும் பார்த்தேன். அந்தப் பக்கம் 2 வோல்ற். மைக் பக்கமும் 2 வோல்ற். மைக் உயிரோடு இருந்தால் கொஞ்சமாவது மின் குடித்திருக்கும், அந்தக் குடிப்புக்கு ஏற்ப ரெசிஸ்ரருக்கு இந்தப் பக்கம் அரை வோல்ற்றாவது விழுந்திருக்கும். ஒன்றுமே விழவில்லை என்றால் மைக் ஒன்றுமே குடிக்கவில்லை. உள்ளே அறுந்துவிட்டது.

பெட்டியைக் கிண்டினேன். சண்டை முடிந்த கையோடு எங்கள் வீடுகளுக்கெல்லாம் வந்த மேசைமேல் சீ.டி.எம்.ஏ. தொலைபேசிகள் நினைவிருக்கும். அப்படி ஒன்றின் கைபிடிக்குள் இருந்த மைக் அளவில் கச்சிதமாகப் பொருந்தியது. எலக்ட்ரெட்டுக்குத் திசை உண்டு. பின்பக்கம் இருக்கிற இரண்டு புள்ளிகளில் எது உலோகக் கூட்டோடு தொட்டிருக்கிறதோ அது தரைப்பக்கம். மாறி வைத்தால் பேசாது. ஈயத்தை இரண்டு விநாடிக்கு மேல் காட்டவும் கூடாது, உள்ளே இருக்கிற மென்தகடு சூடு தாங்காது. மைக்குக்கு முன்னால் ஒட்டியிருந்த, குரலை விட்டுத் தண்ணியை மறிக்கிற மெல்லிய சவ்வு நல்லவேளையாகக் கிழியவில்லை. நசிந்த ரப்பர் மூலையால் வந்த தண்ணிதான் பின்னாலிருந்து மைக்கைக் கொன்றிருக்கிறது.

அமத்தினேன். மழை நின்றது. "ஒன்று, இரண்டு, மூன்று." பக்கத்து வோக்கியிலிருந்து என் குரலே எனக்கு வந்தது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். 1 வாற்றிலிருந்து 5 வாற்றுக்கு மாற்றி அமத்தினதும் கருவி அணைந்து, திரும்ப எரிந்தது. மாமாவிடம் கேட்டால், "அது கனநாளா அப்பிடித்தான், அதாலதான் குறைச்சு வச்சுப் பாவிக்கிறனாங்கள்" என்கிறார். கரையிலிருந்து தூரத்தில் எஞ்சின் நின்றவனுக்கு அந்த 5 வாற்றுத்தான் வேண்டும்.

பற்றரிதான் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அளந்தேன்: 8.1 வோல்ற். 7.4 வோல்ற் லித்தியம் பற்றரி முழுக்க ஏறினால் 8.4 காட்டும், ஆக இது நல்ல நிலை. சும்மா இருக்கிற பற்றரியை அளந்து ஒன்றும் அறிய முடியாது என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. சுமை ஏற்றி அளக்க வேண்டும். திறந்த பலகையில், பற்றரியின் மின் வந்து சேருகிற இடத்தில் மீற்றரை வைத்து 5 வாற்றில் அமத்தினேன். 6.3க்கு விழுந்து, கருவி அணைந்தது. பிறகு பலகையில் இரண்டு தடித்த கம்பியைப் பிடித்து, கருவியின் தொடுவில்லை, அதாவது பற்றரியின் முனையைத் தொட்டு மின்னை எடுக்கிற உலோக வில்லைத் தவிர்த்து, நேரே பற்றரியின் முனைகளில் தொடவைத்தேன். இப்போது 7.6. கருவி அணையவில்லை. அதே பற்றரிதான்.

இடையில் காணாமல்போன 1.3 வோல்ற்றை அந்தத் தொடுவில் தின்றிருக்கிறது. 5 வாற்றில் கருவி 1.5 அம்பியர் இழுத்தது. 1.3ஐ 1.5ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 0.9 ஓம். ஒரு ஓம்கூட இல்லை. கேட்கிறபோது கருவிக்கு 0.1 அம்பியர்தான் வேண்டும், அப்போது இந்த 0.9 ஓம் பத்தில் ஒரு பங்கு வோல்ற்றைக்கூடத் தின்னாது. 1 வாற்றில் அரை வோல்ற் அளவில் தின்னும், கருவி சமாளிக்கும். 5 வாற்றில்தான் தன் வேலையைக் காட்டும். தொடுவில்லின் மேல்முகம் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. வில் பலகையோடு சேருகிற அடிப்பக்கத்தை உருப்பெருக்கியால் பார்த்தபோது ஈயத்தைச் சுற்றிக் கறுப்பாய் ஒரு மெல்லிய வளையம். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, செம்பு தெரியச் சுரண்டி, பிளக்ஸ் தடவிப் புதிதாக ஈயம் வைத்தேன். மேல்முகத்தைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்தேன். திரும்ப அளந்தபோது பலகையில் 7.5 நின்றது.

இந்தக் கருவி இரண்டு நோயோடு இருந்திருக்கிறது. மைக் அறுந்ததை மட்டும் திருத்திக் கொடுத்திருந்தால் மாமா சந்தோசமாக வாங்கிக்கொண்டு போயிருப்பார், தூரத்தில் ஒருநாள் திரும்பக் கைவிட்டிருக்கும். அதனால் இப்போது எந்த வோக்கி வந்தாலும், பிழை என்று சொன்னதைப் பார்க்கமுன் முழுச் சக்தியில் அமத்தி வோல்ற் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கிறேன்.

மூடுகிற வேலையில் ஒரு சின்ன விசயம் பெரியது. நசிந்த ரப்பர் வளையத்துக்குப் பதிலாக ஹாட்வெயார் கடையில் விற்கிற சிலிக்கோனைப் பூசிவிடலாம் என்று தோன்றும். வினாகிரி மணம் வருகிற சிலிக்கோன் என்றால் வேண்டவே வேண்டாம். காய்கிறபோது அது விடுவது அசற்றிக் அமிலம், மூடின பெட்டிக்குள் இருந்து அது செம்பைத் தின்னும். யாழ்ப்பாண நகரில் உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கி, அதே தடிப்பில் ரப்பர்க் கயிறு வாங்கி, அளவாக வெட்டி முனைகளைச் சேர்த்து வளையம் செய்தேன். சிலிக்கோன் கிறீஸ் கொஞ்சம் தடவி வைத்து, ஆறு திருகாணியையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கினேன். வாளித் தண்ணிக்குள் அரை மணித்தியாலம் கிடந்தது. எடுத்துத் திறந்து, உள்ளே ரிசு தாளால் ஒற்றிப் பார்த்தேன். காய்ந்த தாள் காய்ந்தபடியே வந்தது.

மாமா எடுக்க வந்த அன்றைக்கு, எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டார். இதற்குப் பெட்டியில் அச்சடித்திருக்கிற கிலோமீற்றரை நம்ப வேண்டாம். இந்த அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், கடலின் வளைவு மறைத்தால் அதோடு சரி. அன்ரனா எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் எல்லை கிலோமீற்றரில் வரும். போட்டில் இருக்கிறவரின் கை ஒன்றரை மீற்றர் உயரம் என்றால் 5 கிலோமீற்றர். இரண்டு பேரும் போட்டில் என்றால் இரண்டையும் கூட்டி 10. கரையில் 16 மீற்றர்க் கம்பத்தில் சங்கம் ஒரு அன்ரனா கட்டினால் அதன் பங்கு மட்டும் 16, போட்டின் 5உம் சேர்ந்து 21. வாற்றைக் கூட்டி இதைத் தாண்ட முடியாது, உயரத்தால்தான் முடியும். முனையில் வெளிச்சவீட்டை அவ்வளவு உயரத்துக்கு ஏன் கட்டினார்களோ அதே காரணம்தான் என்றதும் மாமாவுக்கு உடனே பிடிபட்டது. கம்பத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கதைக்கப்போவதாகச் சொன்னார்.

கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு என்று இளம்பெடியள் கேட்பதுண்டு. கரையை விட்டு அங்கால போகப் போகத் தொலைபேசியில் சிக்னல் இல்லாமல்போகிறது என்பது ஒன்று. அதைவிடப் பெரியது, தொலைபேசி ஒருவரைத்தான் கூப்பிடும். வோக்கியில் ஒருவன் கூப்பிட்டால் அந்தச் சேனலில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும், கிட்ட இருப்பவன் போவான். நல்லூர்த் திருவிழாவில் சனத்துக்குள் நிற்கிற பொலிசாரின் கையிலும் கட்டிடம் கட்டுகிற இடத்தில் கிரேன் காரரின் கையிலும் இது இருப்பதற்கும் அதுவே காரணம்.

போகமுன் மாமாவை இருத்தி ஒரு விசயத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தேன். ஆபத்து என்றால் 16ஆம் சேனல், முழுச் சக்தி. 'மேடே' மூன்று தரம். போட்டின் பெயர் மூன்று தரம். எங்கே நிற்கிறோம், என்ன நடந்தது, எத்தனை பேர். பிறகு பட்டனை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். விடாமல் அமத்திக்கொண்டிருந்தால் பதில் சொல்பவரின் குரல் எங்களுக்கு வராது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் சேனல் அடைபட்டுவிடும். மேடே என்ற சொல் 1923இல் லண்டனின் குரோய்டன் விமான நிலையத்தில் வேலை செய்த மொக்ஃபோர்ட் என்ற றேடியோ அதிகாரி கொண்டுவந்தது. 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுச் சொல்லின் ஒலி அது. குரல் தேய்ந்தாலும் வேறு சொல்லோடு குழம்பாது. "உதவி எண்டு கத்தினா?" என்று கேட்டார் மாமா. தமிழில் கத்துங்கோ, ஆனால் முதலில் மேடே சொல்லிப்போட்டுக் கத்துங்கோ என்றேன். பாக்கு நீரிணையால் போகிற கப்பலுக்கு தமிழ் விளங்காது, அந்தச் சொல் விளங்கும்.

அடுத்த நாள் விடியப்புறம் கடற்கரைக்குப் போனேன். சங்கச் செயலாளர் தன்னுடைய வோக்கியோடு வந்து மணலில் நின்றார். மாமாவின் போட் இருட்டுக்குள் போய், எஞ்சின் சத்தமும் அடங்கி, வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு செயலாளரின் கையில் ஸ்குவெல்ச் திறந்தது. முதலில் காற்று, அதற்குள் அலை போட்டில் மோதுகிற சத்தம், அதற்குள் மாமா.

"தம்பி நிக்கிறானோ? ஆறு கிலோமீற்றர் தாண்டிட்டன். முழுசாப் போட்டுத்தான் கதைக்கிறன். கேக்குதோ? ஓவர்."

செயலாளர் என்னைப் பார்த்துவிட்டுப் பட்டனை அமத்தினார். "கேக்குது அண்ணை, வடிவாக் கேக்குது. ஓவர்."

மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு வந்துவிட்டன. ஒன்றின் தொடுவில்லில் இப்போதே 0.4 ஓம்.